மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து வரும்போது: நடத்தை சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதையும் செய்ய மனம் வராமல், செய்யாமல் விட்டதை நினைத்து நெஞ்சு படபடக்க நாட்களை ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்காகவும்தான். நீளமான பக்கம், ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. படிக்கவே தெம்பில்லாத நாளாக இருந்தால் ‘எங்கிருந்து தொடங்குவது’ என்ற கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போது இருந்தால் படிப்பதை இங்கேயே நிறுத்துங்கள். தனியாக இருக்காதீர்கள். நம்பும் ஒருவரைக் கூப்பிட்டு, மனதில் ஓடுவதை அப்படியே சொல்லுங்கள். உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மனச்சோர்வோடு கடுமையான பதற்றமும் சேரும்போது இந்த ஆபத்து கூடும் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இரண்டும் ஒன்றாக வருமா, எனக்கு மட்டும்தான் இப்படியா?

வரும், நிறையப் பேருக்கு வருகிறது. மனச்சோர்வு நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்க்கையின் ஏதோ ஒரு கட்டத்தில் பதற்றக் கோளாறும் இருந்திருப்பதைப் பெரிய மக்கள்தொகை ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில், மனச்சோர்வோடு பதற்றத் தவிப்பும் இருந்தால் அதைத் தனியாகக் குறிக்க இடம் ஒதுக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ‘கலப்பு மனச்சோர்வு–பதற்றக் கோளாறு’ தனித் தலைப்பாகவே இருக்கிறது.

அனுபவிப்பவருக்கு இது வித்தியாசமான ஒரு வேதனை. உடம்பு ஓய்ந்து கிடக்கும், உள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும். இரவில் பதற்றம் தூங்க விடாது. எப்படியோ கண்ணயர்ந்தால் விடியுமுன்பே மனச்சோர்வு எழுப்பிவிடும். ‘இனி ஒன்றும் சரியாகாது’ என்று ஒரு பக்கமும் ‘ஏதோ கெட்டது நடக்கப்போகிறது’ என்று இன்னொரு பக்கமும் மனம் மாறி மாறிச் சொல்லும். சோம்பேறித்தனத்துக்கும் கோழைத்தனத்துக்கும் இதில் இடமே இல்லை. இந்த நிலையில் எழுந்து முகம் கழுவுபவர் செலவழிக்கும் முயற்சி, நலமாக இருப்பவர் ஒரு முழு நாளில் செலவழிப்பதற்குக் குறைந்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எது முதலில் வருகிறது? ஒன்று இன்னொன்றை வளர்க்குமா?

பலருக்குப் பதற்றம்தான் மூத்தது. சிறுவயதிலோ பதின்வயதிலோ தொடங்கிவிடும், மனச்சோர்வு பிறகு வந்து சேரும். எல்லோருக்கும் இந்த வரிசைதான் என்றில்லை. சிகிச்சைக்கு முக்கியமானது வரிசையைவிட, இரண்டையும் பிணைக்கும் முடிச்சு. அந்த முடிச்சின் பெயர் தவிர்த்தல்.

ஒன்றைக் கண்டு பயந்து அதைத் தவிர்க்கிறோம். தவிர்த்த மறு நிமிடம் நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியே பரிசாகிவிடுவதால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் தவிர்க்கிறோம். பயந்தது நிஜமாகவே நடந்திருக்குமா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு போய்விடுவதால் பயம் அப்படியே பத்திரமாக இருக்கிறது. ஓர்வல் ஹோபார்ட் மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940-களிலேயே இதை விளக்கிவிட்டார்.

இதன் மறுபாதி மனச்சோர்வு. நண்பரைப் பார்ப்பதை, வேலையை, விளையாட்டை, ஒரு தொலைபேசி அழைப்பை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வரும்போது, மகிழ்ச்சியும் ‘நானும் ஒன்றைச் செய்து முடித்தேன்’ என்ற நிறைவும் வரும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. 1970-களில் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டர், பீட்டர் லூவின்சன் ஆகிய இருவரும் மனச்சோர்வை இந்தக் கோணத்தில்தான் விளக்கினார்கள். சோர்ந்த மனதுக்குப் பயத்தை எதிர்கொள்ளும் தெம்பு இன்னும் குறைவு என்பதால் தவிர்த்தல் கூடுகிறது. வட்டம் முழுமையாகிவிடுகிறது.

ஆகவே, எதைத் தவிர்த்துக்கொண்டிருக்கிறீர்களோ அந்த இடத்தில் கைவைத்தால் இரண்டு நோய்களையும் ஒரே நேரத்தில் தொட முடியும். கீழே சொல்லப்போகிற எல்லாப் பயிற்சிகளும் இந்த ஒரு கருத்திலிருந்து வருபவை.

நடத்தை சிகிச்சை என்றால் என்ன? சிபிடி என்கிறார்களே, அதுதானா?

சிபிடி என்பது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அதில் இரண்டு கிளைகள் சேர்ந்திருக்கின்றன. பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் நடத்தை முறைகளை 1950-களில் ஜோசஃப் வோல்பே போன்றவர்கள் வளர்த்தார்கள். எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் முறையை 1960-களில் ஆரன் பெக் உருவாக்கினார். பின்னாளில் இரண்டும் கலந்தன.

மனச்சோர்வுக்கு எண்ணங்களைத் திருத்துவதுதான் முக்கிய மருந்து என்று பல காலம் நம்பப்பட்டது. 1996-இல் நீல் ஜேக்கப்சனும் அவருடைய குழுவும் சிகிச்சையைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தார்கள். நடவடிக்கைகளை மீட்டெடுக்கும் பகுதியை மட்டும் பெற்றவர்கள், முழு சிகிச்சையும் பெற்றவர்கள் அளவுக்கே தேறினார்கள். 2016-இல் இங்கிலாந்தில் 440 பேரை வைத்து நடந்த கோப்ரா ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. உளசிகிச்சையில் தொழில்முறைப் பட்டம் இல்லாத, ஆனால் முறையாகப் பயிற்றுவிக்கப்பட்ட மனநலப் பணியாளர்கள் கொடுத்த செயலூக்க சிகிச்சை (நடவடிக்கைகளை மீட்டெடுப்பதை மட்டும் மையமாகக் கொண்ட அதே முறை), அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள் கொடுத்த சிபிடிக்குக் குறைந்ததாக இல்லை. செலவும் குறைவு. எளிமையான ஒன்று இவ்வளவு வேலை செய்கிறது என்பது எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை தரும் செய்தி.

செய்யவே மனம் இல்லையே, எங்கிருந்து தொடங்குவது?

மனம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருப்பதுதான் இந்த நோயில் நாம் விழும் குழி. நலமாக இருக்கும்போது ஆசை முதலில் வரும், செயல் பின்னால் வரும். மனச்சோர்வில் அந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. செயல் முதலில் நடக்க வேண்டும், ஆசை பிறகுதான் வரும். சில வாரங்கள் கழித்துக்கூட வரலாம்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு தாளில் மணிவாரியாக என்ன செய்தீர்கள் என்று மட்டும் குறியுங்கள். ‘படுத்துக்கொண்டு போன் பார்த்தேன்’ என்றாலும் அதையே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள்: எவ்வளவு இன்பம், எவ்வளவு நிறைவு, 0 முதல் 10 வரை. மூன்றாவதாகப் பதற்றத்துக்கும் ஒரு எண் போடலாம். இரண்டும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இந்த மூன்றாவது எண் நிறைய விஷயங்களைக் காட்டிக்கொடுக்கும். ‘நாள் முழுவதும் ஒரே மாதிரி மோசம்’ என்று தோன்றும் நாளில்கூட, குளித்த பிறகு பதற்றம் 7-லிருந்து 5 ஆகியிருப்பதும், செய்திகளை ஒரு மணி நேரம் உருட்டிய பிறகு 8 ஆகியிருப்பதும் தாளில் தெரியும்.

இரண்டாவது வாரம், அந்தத் தாளை வைத்து இரண்டு மூன்று செயல்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, எப்போதாவது இன்பம் தந்தது. இன்னொன்று, முடித்தால் நிறைவு தருவது. எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? மிக மோசமான நாளிலும் செய்துவிட முடியும் என்று தோன்றும் அளவுக்கு. ‘உடற்பயிற்சி செய்ய வேண்டும்’ என்பது திட்டமே ஆகாது. ‘மாலை ஐந்தரைக்கு செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புவேன்’ என்பது திட்டம். நேரமும் இடமும் இருந்தால்தான் அந்த நேரம் வரும்போது ‘செய்யலாமா வேண்டாமா’ என்ற விவாதம் மனதில் தொடங்காமல் இருக்கும்.

செய்யும்போது சந்தோஷம் வரவில்லை என்றால் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செய்தீர்களா இல்லையா என்பது ஒன்றுதான் முதல் மாதத்துக் கணக்கு.

பதற்றமும் சேர்ந்திருக்கும்போது இது நடைமுறையில் எப்படி இருக்கும்? ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

மூன்று வாரமாக அலுவலக மின்னஞ்சலைத் திறக்காமல் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திறக்க நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. திறக்காமல் விட்ட குற்ற உணர்ச்சியில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. படபடப்பு பதற்றத்தினுடையது, படுக்கை மனச்சோர்வினுடையது. நடுவில் கிடப்பது ஒரே ஒரு அஞ்சல்பெட்டி.

திறக்கும் முன் அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதுகிறார்: ‘உள்ளே வேலையை விட்டு நீக்கும் கடிதம் இருக்கும். நம்பிக்கை 80 சதவீதம். தவிப்பு 100-க்கு 75.’ முதல் நாள் வேலை திறப்பது மட்டும்தான். எந்த அஞ்சலையும் படிக்கக் கூடாது, பதில் போடக் கூடாது. அனுப்பியவர்களின் பெயர்களில் மூன்றை அதே தாளில் எழுதிவிட்டு மூட வேண்டும். அவர் திறக்கிறார். தொண்டை அடைக்கிறது, மூடிவிடத் தோன்றுகிறது. விரலை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு மூன்று பெயர்களையும் எழுதுகிறார். பெரும்பாலானவை எல்லோருக்கும் போகும் பொது அறிவிப்புகள். மேலதிகாரியிடமிருந்து ஒன்று இருக்கிறது, அதன் தலைப்பில் ‘அறிக்கை எப்போது?’ என்று மட்டும். தாளில் கடைசியாக எழுதுகிறார்: ‘நீக்கும் கடிதம் கண்ணில் படவில்லை. தவிப்பு 55.’

மறுநாள் அந்த ஒரு அஞ்சலைப் படிப்பது. அதற்கு மறுநாள் இரண்டே வரியில் பதில். பதிலை அனுப்புமுன் ஒருமுறை மட்டும் படித்துப் பார்ப்பது என்ற விதியும் உண்டு, ஏனென்றால் பத்து முறை திருத்துவதும் பயத்துக்கு அடங்கிப்போகும் ஒரு வழிதான்.

ஒரே செயலில் பயமும் சோதிக்கப்பட்டது, விட்டுப்போன ஒன்றும் கைக்குத் திரும்பியது.

பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சியை நானே வடிவமைப்பது எப்படி?

தவிர்க்கும் விஷயங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தவிப்பு வரும் என்று 0 முதல் 100 வரை எண் கொடுங்கள். இந்த அளவுகோலும் வோல்பே தந்ததுதான். 30, 40 அளவில் இருப்பதிலிருந்து தொடங்கலாம். அதைவிடக் கீழே இருப்பதில் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைக்காது, 90-இல் தொடங்கினால் பாதியில் ஓடிவிடத் தோன்றும்.

முன்பெல்லாம் ‘பயம் முழுக்க இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும்’ என்பார்கள். மிஷெல் கிராஸ்க் போன்ற ஆய்வாளர்களின் பணிக்குப் பிறகு அழுத்தம் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. நான் எதிர்பார்த்த கெடுதி நடந்ததா? நடக்கவில்லை என்றால் அதை மூளை தெளிவாகப் பதிவு செய்ததா? பயம் இறங்காவிட்டாலும் இந்தக் கற்றல் நடக்க முடியும். அதனால்தான் முன்கூட்டியே கணிப்பை எழுதுவதும் பிறகு நடந்ததை எழுதுவதும் இவ்வளவு முக்கியம். எழுதாமல் விட்டால், ‘இன்றைக்கு ஏதோ அதிர்ஷ்டம்’ என்று மனம் அந்த அனுபவத்தைத் தள்ளிவிடும்.

பாதுகாப்புப் பழக்கங்களைக் கவனியுங்கள். கூட்டத்துக்குப் போய்விட்டு முழு நேரமும் போனில் மூழ்கியிருப்பது, துணை இல்லாமல் வாசல் தாண்டாதிருப்பது, மணிக்கொரு முறை நாடித்துடிப்பைப் பார்ப்பது, ‘எனக்கு ஒன்றும் இல்லைதானே’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாம் இந்த வகை. ‘இது இருந்ததால்தான் தப்பித்தேன்’ என்ற நம்பிக்கையை இவை வளர்க்கும் என்று பால் சால்கோவ்ஸ்கிஸ் விளக்கினார். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட வேண்டாம். படி ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

ஒரு எச்சரிக்கை. நிஜமான ஆபத்தை எதிர்கொள்வது பயிற்சியாகாது. அடிக்கும் துணைவர், மிரட்டும் அதிகாரி போன்றவர்களைக் கண்டு வரும் பயம் சரியான பயம். அதற்குத் தேவை பாதுகாப்பு. பாலியல் வன்முறை, விபத்து போன்ற பேரதிர்ச்சியின் நினைவுகளை எதிர்கொள்வதையும் தனியாக முயலாதீர்கள், பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கூட இருக்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சியும் தசைத் தளர்வும் உதவுமா?

உதவும், அளவோடு. ஒவ்வொரு தசைக்கூட்டத்தையும் இறுக்கித் தளர்த்தும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு உருவாக்கினார், இன்றும் பயன்படுகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மெதுவாக, வெளிமூச்சைச் சற்று நீளமாக விடுவதும் உடலை அமைதிப்படுத்தும். பதற்றம் இல்லாத நேரத்தில் தினமும் பழகினால்தான் தேவைப்படும்போது கைகொடுக்கும்.

ஆனால் எதிர்கொள்ளும் பயிற்சியின் நடுவே ‘மூச்சை இழுத்துவிடாவிட்டால் மயங்கிவிடுவேன்’ என்ற பயத்தில் செய்தால் அதுவும் ஒரு பாதுகாப்புப் பழக்கம் ஆகிவிடும். திடீரென்று வரும் பீதித் தாக்குதல் பொதுவாகச் சில நிமிடங்களிலேயே உச்சத்தைத் தொட்டுத் தானாக இறங்கும். அடக்கப் போராடாமல் அது வந்து போவதைப் பார்த்திருக்கக் கற்றுக்கொள்வது மூச்சுப் பயிற்சியைவிடப் பெரிய திறமை. முதல்முறை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் அதைப் பதற்றம் என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மனம் ஓயாமல் ஓடுகிறது. எப்படி நிறுத்துவது?

ஓடுவது இரண்டு விதம். நாளைக்கு என்ன ஆகுமோ என்று முன்னால் ஓடுவது கவலை. அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தேன் என்று பின்னால் போய்க்கொண்டே இருப்பது அசைபோடுதல். இரண்டும் யோசிப்பது போலத் தோன்றும், ஆனால் முடிவு எதுவும் வராது. ஒருவிதத்தில் இவையும் தவிர்த்தல்தான். செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் அதைப் பற்றியே சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

கவலைக்குத் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1980-களில் சோதித்த எளிய வழி ஒன்று உண்டு. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம் கவலைக்கு ஒதுக்குங்கள். படுக்கையறையும் வேண்டாம், தூங்கும் நேரத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரியில் குறித்துக்கொண்டு ‘ஆறு மணிக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். ஆறு மணிக்கு உட்கார்ந்து பட்டியலை எடுங்கள். என்னால் ஏதாவது செய்ய முடியும் என்றால் அடுத்த படியை எழுதுங்கள். முடியாது என்றால் கவலைப்படுங்கள், முழு மனதோடு. நேரம் முடிந்ததும் எழுந்துவிடுங்கள்.

அசைபோடுதலுக்குக் கேள்வியை மாற்றுவது பலன் தரும். ‘ஏன் எனக்கு மட்டும்?’, ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்?’ என்பவற்றுக்கு விடையே கிடையாது. ‘இது எப்படி நடந்தது, எந்த வரிசையில்?’, ‘அடுத்த பத்து நிமிடத்தில் நான் என்ன செய்யலாம்?’ என்று கேட்டால் மனம் தரைக்கு இறங்கும். எட்வர்ட் வாட்கின்ஸ் என்ற பிரிட்டன் உளவியலாளர் இந்த அடிப்படையில் ஒரு சிகிச்சை முறையையே உருவாக்கியிருக்கிறார். அசைபோடத் தொடங்கும் இடத்தையும் பாருங்கள். பலருக்கு அது காலையில் கண் விழித்துப் படுக்கையிலேயே கிடக்கும் நேரம். எழுந்து ஜன்னலைத் திறப்பது அந்த நேரத்துக்கான மருந்தாக இருக்கலாம்.

எண்ணங்களை மாற்ற வேண்டாமா?

வேண்டும்தான். ஆனால் சோர்ந்த மனதோடு வாதாடி ஜெயிப்பது கடினம், ஒவ்வொரு வாதத்துக்கும் அது எதிர்வாதம் வைத்திருக்கும். ‘யாருக்கும் என்னைப் பிடிக்காது’ என்ற எண்ணத்தை ஒரு மணி நேரம் ஆராய்வதைவிட, ஒரு பழைய நண்பருக்கு ஒரு வரி அனுப்பிப் பார்ப்பது விரைவில் பதில் தரும். எண்ணத்தை ஒரு கணிப்பாக மாற்றிச் செயலால் சோதிப்பதை நடத்தைப் பரிசோதனை என்பார்கள். தாளில் ஆராயும் முறை அதற்குப் பின் வந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

தூக்கம் போய்விட்டது. என்ன செய்யலாம்?

எழும் நேரத்தை மாற்றாதீர்கள், எவ்வளவு மோசமான இரவாக இருந்தாலும். தூக்கம் வந்தபிறகே படுக்கைக்குப் போங்கள். ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்புங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம். பகலில் படுக்கையில் கிடக்க வேண்டாம். ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்த விதிகளின் சாரம் இது. முதல் ஒன்றிரண்டு வாரம் கஷ்டமாகவே இருக்கும். வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ (சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், தூக்கம் குறைவது அவர்களுக்கு ஆபத்து.

மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பயிற்சிகளும் வேண்டுமா?

இரண்டும் சேர்ந்து போகலாம். மிதமான, கடுமையான மனச்சோர்வில் இரண்டும் சேரும்போது பலன் பொதுவாகக் கூடுகிறது. எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் கொடுக்கப்படுகின்றன. பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம், தொடக்கத்தில் சிலருக்குப் பதற்றம் சற்றுக் கூடவும் செய்யலாம். அதைக் கண்டு பயந்து நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நன்றாக ஆன பிறகும் திடீரென்று நிறுத்தக் கூடாது, டோஸைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். மாத்திரை எடுப்பதைப் பலவீனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பென்சோடயசபீன் வகைப் பதற்ற மாத்திரைகள் தனிக் கதை. உடனே அமைதி தரும், பழக்கமாகிவிடவும் கூடும். எதிர்கொள்ளும் பயிற்சிக்கு முன் அவற்றைப் போட்டுக்கொண்டால் கற்றலும் தடைபடலாம். இதைத் தெரபிஸ்டிடமும் மருத்துவரிடமும் சேர்த்தே பேசுங்கள்.

எத்தனை நாளில் சரியாகும்?

வாரம் ஒரு முறை, 12 முதல் 20 அமர்வுகள் என்பது பொதுவான அளவு. இரண்டு கோளாறுகளும் சேர்ந்திருந்தால் சிலருக்குக் கூடுதல் காலம் பிடிக்கும். முன்னேற்றம் நேர்கோட்டில் போகாது. எனவே மனதின் தீர்ப்பை நம்பாமல் எண்ணை வையுங்கள். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட பிஹெச்க்யூ-9 (மொத்தம் 27), பதற்றத்துக்கு ஏழு கேள்விகள் கொண்ட ஜிஏடி-7 (மொத்தம் 21) என்ற படிவங்கள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. இரண்டில் எதிலாவது 10 அல்லது அதற்கு மேல் என்றால் முறையான மதிப்பீடு தேவை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிரப்பி வந்தால், ‘ஒன்றுமே மாறவில்லை’ என்று தோன்றும் நாளில் 19 என்பது 13 ஆகியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதை நானே செய்துகொள்ளலாமா, தெரபிஸ்ட் கட்டாயமா?

லேசான, மிதமான நிலையில் நீங்களே தொடங்கலாம். வாரம் ஒரு முறை யாராவது விசாரித்தால், அது அரை மணி நேரத் தொலைபேசிப் பேச்சாக இருந்தாலும், தொடர்ந்து செய்யும் வாய்ப்பு கூடும். சாப்பிட முடியாத, குளிக்க முடியாத, வேலைக்குப் போக முடியாத நிலை வந்திருந்தால், உயிரை விடும் எண்ணங்கள் இருந்தால், மது கட்டுப்பாட்டை மீறியிருந்தால், குரல்கள் கேட்டால், அல்லது நடுநடுவே தூக்கமே தேவைப்படாத அளவுக்கு உற்சாகம் பொங்கும் காலங்கள் இருந்திருந்தால் நேராக மனநல மருத்துவரிடம் போங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

‘தைரியமாக இரு’, ‘உனக்கு என்ன குறை’ என்ற வார்த்தைகளை விட்டுவிடுங்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள், ஆனால் கேட்பவருக்கு அது இன்னொரு தோல்வியாக விழுகிறது. ‘மாலை ஐந்தரைக்கு நானும் கூட வரவா?’ என்று கேட்பது எவ்வளவோ மேல்.

கடினமான பகுதி வேறு. அவர் பயப்படும் ஒவ்வொன்றையும் நீங்களே செய்துகொடுத்தால் (அவருக்கு வரும் அழைப்புகளை எடுப்பது, அவர் சார்பில் மன்னிப்புக் கேட்பது, நாளுக்கு இருபது முறை ‘ஒன்றும் ஆகாது’ என்று உறுதி சொல்வது) தவிர்த்தலுக்கு நீங்களும் துணைபோகிறீர்கள். அதற்காக ஒரே நாளில் கையை விரித்துவிடாதீர்கள், அது கொடுமையாகிவிடும். இருவரும் உட்கார்ந்து பேசி, இந்த வாரம் எந்த ஒன்றை அவரே செய்வார் என்று முடிவு செய்யுங்கள். பதற்றத்தோடு மறுபடி கேட்டால், ‘உனக்குப் பயமாக இருக்கிறது, தெரிகிறது. பதிலை நேற்றே பேசிவிட்டோம் இல்லையா’ என்று மென்மையாகச் சொல்லலாம். எரிச்சல் வரும் நாட்கள் இருக்கும். உங்களுக்கும் பேச ஒரு ஆள் வேண்டும்.

எல்லாம் செய்து பார்த்தேன், பலன் இல்லை. ஏன்?

பெரும்பாலும் காரணம் படியின் உயரம். இரண்டு நாள் தொடர்ந்து செய்ய முடியவில்லை என்றால் படியைப் பாதியாக வெட்டுங்கள். அடுத்த காரணம், நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்து தீர்த்துவிட்டு மறுநாள் விழுந்துகிடப்பது. நல்ல நாளிலும் திட்டத்தோடு நிறுத்துங்கள். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத தவிர்த்தல். உடம்பு நடைக்குப் போகிறது, மனம் முழு நேரமும் அசைபோடுகிறது. அப்போது காலடிச் சத்தம், காற்று, எதிரே வருபவர் என்று கவனத்தைத் திரும்பத் திரும்ப வெளியே கொண்டுவருவதுதான் பயிற்சி.

தேர்ந்தெடுத்த செயல்கள் உண்மையில் உங்களுடையவையா என்றும் பாருங்கள். மற்றவர் சொன்னதால் எழுதிய பட்டியல் நீடிக்காது. ‘இந்த நோய் இல்லையென்றால் எப்படிப்பட்ட அப்பாவாக, தோழியாக, வேலைக்காரராக இருக்க ஆசைப்படுவேன்?’ என்ற கேள்வியிலிருந்து வரும் செயல், சந்தோஷம் தராத நாளிலும் அர்த்தம் தரும்.

இதையெல்லாம் சரிசெய்து சில மாதங்கள் ஆகியும் எண்கள் அசையவில்லை என்றால் உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். சிகிச்சை முறையையோ மருந்தையோ மாற்றிப் பார்க்க வேண்டிய நேரம் அது. தெரபிஸ்டோடு ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைத் தேடுவதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சரியான பிறகு மறுபடியும் வருமா?

வரலாம். மனச்சோர்வு திரும்பி வரக்கூடிய நோய். அதனால் சிகிச்சையின் கடைசி அமர்வுகளில் ஒரு தாள் தயாரிப்பார்கள். நீங்கள் தனியாகச் செய்பவராக இருந்தால் தேறி வரும் காலத்திலேயே எழுதிவிடுங்கள்.

முதலில், உங்களுடைய ஆரம்ப அறிகுறிகள். பொதுவாக எழுதாமல் உங்களுக்கே உரியவற்றை எழுதுங்கள்: நண்பரின் அழைப்பைப் பார்த்தும் எடுக்காமல் விடுவது, பல் தேய்ப்பதைத் தள்ளிப்போடுவது, வங்கிக் கணக்கைப் பார்க்கப் பயப்படுவது. அடுத்து, போன முறை எந்தெந்தச் செயல் உதவியது. அதற்குக் கீழே, எந்த இரண்டைத் தவிர்க்கத் தொடங்கினால் வண்டி தடம் புரள்கிறது என்பது. ஒரு மோசமான வாரம் வந்தால் அதை நோய் திரும்பிவிட்டதாக எடுத்துக்கொள்ளாமல், தாளை எடுத்து முதல் செயலைத் தொடங்குங்கள்.

கடைசி வரியில் யாரை எப்போது கூப்பிடுவது என்று எண்ணோடு எழுதுங்கள்: பிஹெச்க்யூ-9 அல்லது ஜிஏடி-7 இரண்டு வாரம் தொடர்ந்து 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் தெரபிஸ்ட் அல்லது மருத்துவர், சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே. தாளின் பிரதி ஒன்றை வீட்டில் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, அறிகுறிகள் தென்பட்டால் நீங்கள் கேட்காமலே அதை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள்.